சைக்கிளின் விலையும் சைக்கிளின் செலவும்

நெசவாளர் சங்கத்தில் பாவும் ஊடையும் வாங்க வரும் நாளிலும், பால் சங்கத்தில் காலைப் பால் அளக்கும் வேளையிலும், வாசலில் நிற்கும் சைக்கிள் வரிசை முன்னைவிடக் குறைந்திருக்கிறதே ஒழிய மறைந்துவிடவில்லை. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகிவிட்ட இந்நாளிலும், தறிக்கூடத்திற்கும் தோட்டத்திற்கும் நாள்தோறும் சைக்கிளிலேயே சென்று வரும் அங்கத்தினர்கள் பலர் உள்ளனர். சைக்கிள் என்ன விலைக்கு வாங்கியது என்று அவர்களில் எவரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவார். மாதம் அதற்கு என்ன செலவாகிறது என்று கேட்டால் மட்டும், "அதற்கென்ன செலவு? காற்று அடிப்பதுதான்" என்று விடை வரும். இந்த விடை சரியன்று. செலவு இல்லை என்று எண்ணுகிறவரின் சைக்கிளுக்கே அதிகச் செலவு ஆகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கிற்கு ஓர் அங்கத்தினரை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டிலிருந்து தறிக்கூடம் 7 கிலோமீட்டர். போக வர நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை. ஆக ஆண்டுக்கு 4,200 கிலோமீட்டர் ஆகிறது. கீழே காட்டும் விலைகள் யாவும் கணக்கின் பொருட்டு நான் உத்தேசமாக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவை மாறும். வாசகர்கள் தத்தம் ஊர் விலையை வைத்துக் கணக்கிட்டுக்கொள்வார்களாக.

முதலில் எத்தகைய சைக்கிளை வாங்குவது என்பதைப் பார்க்க வேண்டும். கியர் வைத்ததும் கண்ணைக் கவரும் வர்ணம் பூசியதுமான புதுமாதிரி வண்டிகள் பல இன்று கடைகளில் உள்ளன. இளைஞர்கள் அவற்றை விரும்புவதில் வியப்பில்லை. எனினும், தினசரி வேலைக்குச் செல்பவருக்கு 28 அங்குலச் சக்கரமும் ராடு பிரேக்கும் கொண்ட பழைய மாதிரிக் கறுப்புச் சைக்கிளே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். அதன் உறுதி மட்டும் இதற்குக் காரணமன்று. அதன் டயர், ரிம், செயின், பிரீவீல், பெடல் முதலிய பாகங்களின் அளவுகள் நெடுங்காலமாக மாறாமல் ஒரே விதமாக இருந்து வருகின்றன. ஒரு கம்பெனி வண்டிக்கு வேறொரு கம்பெனியின் உதிரிப் பாகம் பெரும்பாலும் பொருந்திவிடும். அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் அட்லஸ் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதனால் வண்டியைக் கிடப்பில் போட நேரவில்லை. சிற்றூர்க் கடையில் தொங்கும் செயினே அதற்குப் போதுமானதாயிருந்தது. புதுமாதிரி வண்டியிலோ கியர் மாற்றும் உறுப்பு ஒடிந்தால் நகரத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டும். அந்த நாளின் கூலியையும் அவ்வண்டியின் விலையோடு சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

நல்ல பழைய மாதிரிச் சைக்கிள் ரூ.6,400 என்றும், பூட்டு, விளக்கு, கைப்பம்பு ஆகியவற்றிற்கு ரூ.800 என்றும் கொண்டால், முதலீடு ரூ.7,200 ஆகிறது. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் முன்பு 12 சதவீதமாக இருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே ரசீது இல்லாமல் வாங்குவதில் முன்போல் பெரிய இலாபம் ஏதுமில்லை. ரசீதைக் கேட்டு வாங்கி, அதில் சட்டத்தின் எண்ணையும் எழுதச் செய்துகொள்ள வேண்டும். களவு போனால் அந்த எண் ஒன்றே அடையாளம்.

துணை விதிகள் இடந்தரும் சங்கங்களில் இத்தொகையைக் கடனாகப் பெறுவோர் தவணையைப் பற்றி ஒரு கணம் சிந்திப்பது நன்று. 12 சதவீத வட்டியில், குறையும் அசலுக்கு மட்டுமே வட்டி கணக்கிடப்படுவதாகக் கொள்வோம். மாதம் ரூ.600 வீதம் 12 தவணையில் அசலைத் தீர்த்தால் மொத்த வட்டி ரூ.468. மாதம் ரூ.300 வீதம் 24 தவணை என்றால் வட்டி ரூ.900. வேறுபாடு ரூ.432. இது ஏறத்தாழ ஒரு டயரின் விலை! தவணை சிறியதாக இருக்கிறதே என்று நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பவர், வண்டி உருளத் தொடங்குமுன்பே ஒரு டயரைத் தேய்த்துவிடுகிறார். இயலாதவரைப் பற்றி நான் இதைச் சொல்லவில்லை. இயன்றும் கேளாமலிருப்பவரைப் பற்றியே சொல்லுகிறேன்.

இனி ஓட்டச் செலவுக்கு வருவோம். வண்டியை முறையாகப் பேணினால் எட்டாண்டு உழைக்கும் என்று குறைத்தே மதிப்பிடுவோம். அதற்கு மேலும் உழைத்தால் அது நமக்கு ஊதியம். ரூ.7,200-ஐ எட்டாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ரூ.900 தேய்மானம். பின்டயர் இரண்டாண்டுக்கு ஒன்று, முன்டயர் நான்காண்டுக்கு ஒன்று, டியூப் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், டயர் ரூ.400-க்கும் டியூப் ரூ.150-க்கும் கிடைத்தால் ஆண்டுக்கு ரூ.450. ஆண்டுக்கொரு செயின் ரூ.200. மூன்றாண்டுக்கொரு பிரீவீல் என்ற வகையில் ஆண்டுக்கு ரூ.50. பிரேக் கட்டைகள் ரூ.100. கடைக்காரர்கள் "ஓவராயில்" என்று வழங்கும் முழுப் பழுதுபார்ப்பு, கிரீஸும் குண்டும் உட்பட, ரூ.500. பஞ்சர் ஐந்து முறைக்கு ரூ.200. எண்ணெய்க்கு ரூ.100. சக்கரக் கம்பி, பெடல் ரப்பர் போன்ற சில்லறைக்கு ரூ.140. இவற்றைக் கூட்டினால் பராமரிப்பு மட்டும் ரூ.1,740, தேய்மானத்தோடு சேர்த்து ரூ.2,640. அதாவது மாதத்திற்கு ரூ.220, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 63 பைசா.

இதே தூரத்திற்கு, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டில் சென்றால் ஆண்டுக்கு 84 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் எரிபொருள் மட்டும் ரூ.8,400. மொபெட்டின் விலை, இன்ஷூரன்ஸ், பழுது ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு வழிக்குப் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு ரூ.6,000. பெண்களுக்குக் கட்டணமின்றிச் சாதாரண நகரப் பஸ்ஸில் செல்லும் வசதி 2021 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. அத்தகைய பஸ் வேலை நேரத்திற்கு ஒத்து வருகிற ஊரில் இருக்கும் பெண் அங்கத்தினருக்குச் சைக்கிள்தான் மலிவு என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பஸ் வருகிற ஊர்கள் உண்டு. அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் தறியில் எத்தனை கெஜம் ஏறும் என்பதை அவரவர்தாம் அறிவர்.

மேற்கூறிய கணக்கில் ரூ.200 என்று எழுதிய செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சைக்கிளில் பணம் கரையும் இடம் அதுவே. "செயின் நீண்டுவிட்டது" என்பது வழக்கு. உண்மையில் செயினின் தகடுகள் நீள்வதில்லை. தகடுகளைக் கோத்திருக்கும் சிறு ஊசிகளும், அவை சுழலும் குழிகளும் மணலாலும் எண்ணெயின்மையாலும் தேய்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் மயிரிழையளவு இடைவெளி உண்டாகி, எல்லாம் கூடிச் செயின் நீண்டதாகத் தோன்றுகிறது. இவ்வாறு தேய்ந்த செயினின் கணுக்கள் பிரீவீலின் பற்களுக்கிடையே அளவாகப் படிவதில்லை; பல்லின் மேலேறி அதை அரிக்கின்றன. சில மாதங்களில் பற்கள் ஒருபுறம் சாய்ந்து கூராகின்றன. அப்போது புதுச் செயின் போட்டாலும் அது பழைய பல்லில் நில்லாமல் தாவும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் தாவினால் கீழே விழுந்து பல்லை உடைத்துக்கொள்ள நேரிடும். ஆகவே செயினோடு பிரீவீலையும் மாற்ற வேண்டும். பெரிய பற்சக்கரமும் தேய்ந்திருந்தால், பழைய மாதிரி வண்டியில் அது வலப்பக்கக் கிராங்கோடு ஒன்றாகவே இருப்பதால், கிராங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். செயின் ரூ.200, பிரீவீல் ரூ.150, கிராங்கோடு பற்சக்கரம் ரூ.450, கூலி ரூ.150, ஆக ரூ.950.

செயினைக் கவனியாதவருக்கு இந்தச் செலவு இரண்டாண்டுக்கொரு முறை வருவதாகக் கொண்டால், எட்டாண்டில் ரூ.3,800. ஆண்டுதோறும் செயினையும், மூன்றாண்டுக்கொரு முறை பிரீவீலையும் மாற்றுபவருக்கு எட்டாண்டில் ஆவது ரூ.2,000. வேறுபாடு ரூ.1,800. இது மட்டுமன்று. மாற்றிக் கொள்பவர் ஓய்வு நாளில் தாமே கடைக்குப் போகிறார். கவனியாதவருக்கோ செயின் அறுகிற நாள் எதுவென்று அவர் கையில் இல்லை. கலியாணப் புடவைக்கு ஆர்டர் நெருக்குகிற வாரத்திலும் அறும். மஞ்சள் ஏலத்திற்குப் போகிற காலையிலும் அறும். ஒரு நாள் வேலை கெட்டால் அந்த ஒரு நாளின் கூலியில் இரண்டு செயின் வாங்கலாம்.

செயின் தேய்ந்ததா இல்லையா என்பதை அறிய மெக்கானிக் தேவையில்லை. இச்செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம் சரியாக அரை அங்குலம். ஆகவே, ஓர் ஊசியின் நடுவில் இரும்பு அடிக்கோலின் தொடக்கத்தை வைத்தால், அதிலிருந்து எண்ணி வரும் 24-ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலக் கோட்டில் இருக்க வேண்டும். மிதியை அழுத்திச் செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். ஊசி கோட்டைத் தாண்டி மாகாணி அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, போயிருந்தால் புதுச் செயினுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குக. அரைக்கால் அங்குலம் போயிருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுக. தையற்காரரின் துணி அளவு நாடாவால் அளப்பதில் பிரயோஜனம் இல்லை, அதுவே இழுபடும். அரைக்கால், மாகாணி என்ற பழைய வாய்ப்பாடு இன்றும் பயன்படுகிற இடம் இது ஒன்றாவது இருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

எண்ணெய் இடுவதிலும் முறை உண்டு. பழைய என்ஜின் ஆயிலைக் கேட்டு வாங்கி வழிய வழிய ஊற்றுவது பலருடைய வழக்கம். அது மணலைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு அரத்தைப்போல் வேலை செய்யும். நெசவாளர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. தறிக்கூடத்தின் ஓரத்தில் நிறுத்திய வண்டியில் பறக்கும் பஞ்சுத் தூசு எண்ணெய்ச் செயினில் படிந்து களிம்புபோல் திரண்டுவிடுகிறது. மாதம் ஒருமுறை, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, உலர்ந்தபின் தையல் மெஷினுக்கு இடும் மெல்லிய எண்ணெயைக் கணுவுக்கு ஒரு துளி வீதம் விட்டு, பெடலைச் சுற்றி, மேலே மிஞ்சியதைத் துணியால் வழித்துவிட வேண்டும். எண்ணெய் கணுவின் உள்ளே இருந்தால் போதும். வெளியே இருப்பது அழுக்குக்கே உதவும். பாவு அச்சில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் அடுத்த மிதியை மிதிக்கிற கைகளுக்கு இது பெரிய வேலை அல்ல.

விவசாயிகளின் சைக்கிளுக்குப் பகை வேறு. பொட்டாஷ் உர மூட்டையிலிருந்து சிந்தும் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் ரிம்மையும் கம்பியையும் அரித்துத் துருவேற்றிவிடும். மூட்டை ஏற்றிய அன்றே ஈரத் துணியால் துடைத்துவிடுவது நலம். வாய்க்காலில் வண்டியைப் படுக்க வைத்துக் குளிப்பாட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நீர் அச்சுக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றி, பால்ரஸ் குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மாதிரிச் சைக்கிளில் முன்சக்கரத்திற்கு 32 கம்பியும் பின்சக்கரத்திற்கு 40 கம்பியும் வைத்திருப்பது பாரம் பின்னால் விழுவதை எண்ணித்தான். அந்த 40-இல் ஒன்று ஒடிந்தால் எஞ்சியவை அதன் பங்கையும் சுமக்கின்றன. ஒன்று ஒடிந்தபோதே மாற்றிக் கோட்டம் எடுத்தால் சில்லறைச் செலவு. நான்கு ஒடியும்வரை ஓட்டினால் ரிம் எட்டுப்போல் முறுக்கிக்கொள்ளும். பிறகு புது ரிம்தான்.

காற்றைப் பற்றி எல்லாரும் அறிவார்கள் என்றாலும், குறைவான காற்றில் ஓட்டுவதே பஞ்சரில் பாதிக்குக் காரணம் என்பதை வற்புறுத்தத்தான் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் கல்லின் மேல் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஆணியால் விழுந்தது ஒற்றை ஓட்டை. ஒட்டுப்போடும்போது ஓட்டைகளை எண்ணிப் பார்த்தால், குற்றம் சாலையினுடையதா நம்முடையதா என்பது விளங்கிவிடும். இரவில் காற்று இறங்கி, பகலில் எங்கும் ஓட்டை அகப்படாமல் போனால் வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழலைப் பார்க்க வேண்டும். வால்வின் வாயில் எச்சில் தடவினால் குமிழி எழும். சில காசு பெறுமான அந்த ரப்பர் நைந்ததற்காக டியூபையே மாற்றியவர்களை நான் அறிவேன். முன்னெச்சரிக்கையாக ஓரங்குல வால்டியூபைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரின் காலைநேரம் வீணாவதில்லை.

முழுப் பழுதுபார்ப்பை ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே செய்துகொள்வது உத்தமம். அப்போதே பிரேக் கட்டைகளையும் மாற்றிவிட வேண்டும். ராடு பிரேக்கின் கட்டை நனைந்த இரும்பு ரிம்மில் வழுக்கும். ஆகையால் மழையில், புதுக் கட்டையாயினும், வழக்கமாகப் பிடிக்கும் இடத்திற்கு வெகு முன்பே பிடிக்கத் தொடங்க வேண்டும். கடையில் பெடல் மாற்றும்போது அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றி இறுக்க வேண்டியது. அறியாத சிறுவன் வலிந்து முறுக்கினால் மரை அழிந்து, இடக்கிராங்கே வீணாகும். ஆசனத்தின் உயரமும் செலவைச் சேர்ந்த விஷயமே. குதிகாலைப் பெடலில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதற்குக் குறைந்தால் முழங்கால் தேயும். பகலெல்லாம் தறியின் மிதிகட்டையை மிதிப்பவருக்கு அந்த முழங்கால்கள் இரண்டுமே மூலதனம்.

சங்கத் தணிக்கையின்போது மேஜை நாற்காலிக்கும் பீரோவுக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியிருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். அசையாமல் ஒரே மூலையில் நிற்கும் பீரோவுக்கே தேய்மானம் உண்டென்றால், ஆண்டுக்கு 4,200 கிலோமீட்டர் ஓடும் சைக்கிளுக்கு ஏன் எழுதக்கூடாது? மேற்கண்ட ரூ.220-ஐ மாதந்தோறும் சங்கத்தின் சிக்கன வைப்பில் தனியே போட்டுவரலாம். அதில் ரூ.145 பராமரிப்புக்கு; வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். மீதி ரூ.75-ஐத் தொடாமல் விட்டால், 96 மாதத்தில் ரூ.7,200 சேர்ந்துவிடும். விலை ஏறியிருந்தாலும் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியையாவது வைப்பின் வட்டி ஈடுசெய்யும். இரண்டாவது சைக்கிளைக் கடன் மனு எழுதாமல் வாங்கும் அங்கத்தினர் முதல் சைக்கிளுக்குக் கட்டிய வட்டியையும் மிச்சப்படுத்துகிறார். நிர்வாகக் குழுவினர் சைக்கிள் கடன் வழங்கும்போதே இத்தகைய வைப்புக் கணக்கொன்றையும் தொடங்கிவைக்க முயலலாம். கட்டாயப்படுத்துவது என் கருத்தன்று. கூலி பட்டுவாடா நாளில் நினைவூட்டினாலே போதும்.

கடன் மனு எழுதுவதற்கு முன் வீட்டின் பின்புறத்தை ஒரு முறை பார்த்துவிடுவதும் நல்லது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கி, 2005-06 முதல் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிவாக்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டத்தின் மூலம் வந்த வண்டி பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ போனபின், அது விறகின் மேல் சாய்ந்து கிடக்கிறது. டயர் இரண்டும் டியூப் இரண்டும் ரூ.1,100, செயின் ரூ.200, முழுப் பழுதுபார்ப்பு ரூ.500, ஆக ரூ.1,800-இல் அது மீண்டும் சாலைக்கு வந்துவிடும். கடைக்குக் கொண்டுபோகுமுன் மூன்று இடங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் குழாய்கள் கூடும் பற்றவைப்புகளில் வெடிப்பு இருக்கக்கூடாது. ஆசனக் கம்பி துருவேறிக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தால், எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தபின்பே அசைக்க வேண்டும். முன்போர்க்கு வளைந்திருந்தால் அதை நிமிர்த்தி ஓட்டாமல் புதியதாகவே மாற்ற வேண்டும். நிமிர்த்திய போர்க்கு முன்னறிவிப்பின்றி ஒடியும்.